திருவையாற்றுக்கு ஒரு தோள்பையோடு

புதன் இரவு, கிளாம்பாக்கம்

மாட்டுப் பொங்கல் இரவில் சென்னையை விட்டுக் கிளம்புவதில் ஒரு லாபம் உண்டு. ஊருக்குப் போக வேண்டியவர்கள் எல்லாரும் போகிக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தஞ்சாவூர் பேருந்தில் பாதி இருக்கை காலி. எனக்கு ஜன்னலோரம், பக்கத்து இருக்கை என் தோள்பைக்கு.

திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை, கர்நாடக இசை மேதை தியாகராஜரின் நினைவு விழா, நடந்துகொண்டிருக்கிறது. 1847 ஜனவரி 6 அன்று அவர் மறைந்த திதி புஷ்ய பகுள பஞ்சமி, அதாவது புஷ்ய மாதத் தேய்பிறையின் ஐந்தாம் நாள். அது இந்த முறை சனிக்கிழமை வருகிறது. அன்று காலை பஞ்சரத்னம், அவருடைய ஐந்து பெரிய கீர்த்தனைகளை எல்லாரும் சேர்ந்து பாடுவது. அதற்குள் இன்னும் சில கச்சேரிகளைப் பதிவு செய்யலாம் என்று முன்கூட்டியே கிளம்பிவிட்டேன்.

"ஆகாசவாணியே நேரலை போடறான், டிவியிலயும் வருது, நீ எதுக்கு?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மேடை மைக்கிலிருந்து நேராக எடுக்கிறவர்களைவிடச் சுத்தமாக என்னால் எடுக்க முடியாது, அந்த ஆசையும் இல்லை. எனக்கு வேண்டியது பந்தலின் சத்தம். கீழே பாயில் உட்கார்ந்து கூடவே பாடுகிறார்களே, அவர்களின் சத்தம். நேரலையில் அது எங்கோ தூரத்து இரைச்சலாக வந்து போய்விடும்.

பையில் என்ன இருக்கிறது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். ஜூம் எச்1என் ரெக்கார்டர், வேறொருவர் விற்றதை வாங்கியது. உள்ளங்கை அகலம்கூட இல்லை. தலைப்பக்கம் இரண்டு மைக், ஒன்றையொன்று குறுக்காகப் பார்த்தபடி 90 டிகிரியில். ஒல்லியான ட்ரிபிள் ஏ பேட்டரி இரண்டு போடவேண்டும். சார்ஜ் ஏற்றக்கூடியவை இரண்டு ஜோடி வைத்திருக்கிறேன். மெனுவில் போய் பேட்டரி வகையை மாற்றி வைத்தால்தான் எவ்வளவு மிச்சம் என்று அது சரியாகக் காட்டும். 32 ஜிபி கார்டு. பழைய இயர்போன். ஒரு செல்ஃபி குச்சி, ஒரு கிளாம்ப். பாரிமுனையில் வாங்கிய ரோமத் துணியில் நானே தைத்த உறை, காற்று மைக்கில் அடிக்காமல் இருக்க. ரிச்சி தெருவில் வாங்கிய வயர் ஒன்று, பென் டிரைவ் ஒன்று. தேய்ந்த ஹவாய் செருப்பின் அடிப்பாகத்திலிருந்து வெட்டிய ரப்பர் துண்டுகள், எதற்கு என்று சனிக்கிழமை சொல்கிறேன்.

பவர் பேங்க் எடுத்து வரவில்லை. இந்த ரெக்கார்டர் இழுக்கிற மின்சாரம் ரொம்பக் குறைவு. பல பவர் பேங்குகள் 'போன் சார்ஜ் ஏறி முடிந்துவிட்டது' என்று நினைத்துக்கொண்டு தானாக அணைந்துவிடும். மிருதங்கம் தனியாக வாசிக்கிற தனியாவர்த்தனத்தின் நடுவில் அப்படி ஆனால் அழுகைதான் வரும்.

பதிவின் தரம் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி ஆகும். கார்டு தாராளமாகப் போதும். 96-இல் எடுத்தால் இன்னும் துல்லியம் என்கிறார்கள். பந்தலில் ஓடுகிற மின்விசிறியை எனக்கு அவ்வளவு துல்லியமாகக் கேட்க வேண்டாம்.

வியாழன், திருவையாறு

விடியற்காலையில் தஞ்சாவூர். சித்தி வீட்டில் குளியல், மிச்சமிருந்த சர்க்கரைப் பொங்கல், அரை மணி நேரத் தூக்கம். பழைய பேருந்து நிலையத்தில் திருவையாறு டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் என் பட்ஜெட்டில் மிகப் பெரிய நன்கொடை தமிழக அரசுடையது. வழியெல்லாம் பாலங்கள்: வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியாகக் காவிரி. கொம்புக்கு வண்ணம் பூசிய மாடுகள் கழுத்தில் இன்னும் மாலையோடு மேய்ந்துகொண்டிருந்தன. மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28 வரை திறந்து வைப்பார்கள் என்பதால் ஆற்றில் தண்ணீர் இருந்தது. தண்ணீர் இருந்தால் கரையில் காற்றும் இருக்கும். ரோம உறையைக் கையில் எடுத்துக்கொண்டே இறங்கினேன்.

சமாதிக்குப் பக்கத்தில் பெரிய பந்தல். ஒருவர் பாடி முடித்ததும் அடுத்தவர், ஆளுக்குச் சில கீர்த்தனைகளுக்குத்தான் நேரம். பெரிய வித்வான்களும் அப்படித்தான், முதல்முறை மேடையேறுகிற பிள்ளைகளும் அப்படித்தான். பதிவு செய்கிறவருக்கு இது கொஞ்சம் தலைவலி. ஒவ்வொருவரின் குரல் கனமும் வேறு. போதாததற்கு மைக் செட்காரர் ஒவ்வொருவருக்கும் ஏற்றி இறக்குவார்.

உட்காருவதற்கு முன் பந்தலைச் சுற்றி நடந்தேன். இந்த நடைக்குக் காசு கிடையாது, ஆனால் பையில் இருக்கிற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் பலன் அதிகம். ஸ்பீக்கருக்கு நேர் எதிரே நின்றால் அந்த ஒரு ஸ்பீக்கர் மட்டும்தான் பதிவாகும், ஸ்டீரியோ என்று பேருக்குச் சொல்லிக்கொள்ளலாம். மேடைக்கு ரொம்பப் பக்கத்தில் போனால் மிருதங்கம் நேராகவும் குரல் பக்கவாட்டு ஸ்பீக்கரிலிருந்தும் வந்து, இரண்டும் வேறு வேறு வீட்டில் நடப்பதாகத் தோன்றும். கண்ணை மூடிக்கொண்டு நிற்கவேண்டும். தம்புராவின் சுருதி, வயலின் வில் திரும்பும் இடம், மிருதங்கத்தின் தொப்பி என்கிற இடப்பக்கம், மூன்றும் தனித்தனியாகக் காதில் விழுகிற இடம்தான் நம் இடம். எனக்கு அது நடுப்பாதைக்குப் பக்கத்தில், மேடையிலிருந்து பத்து மீட்டர் தள்ளிக் கிடைத்தது.

சென்னை சபாவில் பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் பாதி பாட்டு, பாதி எதிரொலி. கூடவே ஏசியின் உறுமல். பக்கமெல்லாம் திறந்த பந்தலில் அந்தத் தொந்தரவு கிடையாது. ஒலி ஒருமுறை வந்துவிட்டு ஆற்றுப்பக்கம் போய்விடும், சுவரில் மோதித் திரும்பி வராது. அதனால் தூரத்தில் இருந்தாலும் சொற்கள் தெளிவாக விழுகின்றன. விலை குறைந்த கருவிக்குப் பந்தலைப் போல உதவுகிற அரங்கு வேறில்லை என்பது என் கட்சி.

ஆட்டோ லெவல் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. மேடைப் பேச்சுக்கு அது சரி. கச்சேரிக்கு அதைத் தொடவே கூடாது. ஆலாபனையில் பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் அது சுருதிப்பெட்டியை மேலே தூக்கும், மிருதங்கம் விழுந்ததும் எல்லாவற்றையும் சேர்த்து அமுக்கும். சின்னதும் பெரிதும் ஒரே உயரத்துக்கு வந்துவிட்டால் அப்புறம் அது கச்சேரியே இல்லை. நான் கையால் வைக்கிறேன்: உரத்த இடத்தில் ஒலியளவு மீட்டர் கழித்தல் 12 டெசிபெலைத் தொட்டால் போதும், பூஜ்யம்தான் உச்சி. 24 பிட்டில் எடுத்ததைப் பிறகு தாராளமாக ஏற்றிக்கொள்ளலாம், உச்சியில் நறுக்குப்பட்டதை யாராலும் ஒட்டவைக்க முடியாது. அடியொலியை வெட்டும் வசதியையும் போடவில்லை. ஜெனரேட்டர் உறுமல் போகும் என்பது உண்மைதான், கூடவே தொப்பியின் ஆழ்ந்த கும்கி ஒலியும் மெலிந்துவிடும். வெட்டுகிற வேலையை வீட்டுக்குப் போய்ப் பொறுமையாகச் செய்யலாம்.

மதியத்துக்குமேல் காற்று வந்தது. உறையை மாட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த குழந்தை அதைப் பூனைக்குட்டி என்று முடிவு செய்து தடவிக் கொடுக்க ஆரம்பித்தது. ஒரு அழகான பேகடா ராகத்தின் மேல் அந்தத் தடவல் முழுதும் பதிவாகியிருக்கிறது. குழந்தையின் பாட்டி, "அது கடிக்கும்டா" என்று சொன்னதும் அதில் இருக்கிறது.

சாயங்காலம் கடைவீதியில் அசோகா. பாசிப்பருப்பும் நெய்யுமாக வாழை இலைத்துண்டில் வைத்துக் கொடுத்தார்கள். சாப்பிட்ட கையோடு ரெக்கார்டரைத் தொடக்கூடாது, கார்டு மூடி வழுக்கும்.

வெள்ளி, நரசிங்கம்பேட்டை

இன்று ஆராதனைக்கு விடுப்பு. கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் சாலையில், ஆடுதுறையைத் தாண்டினால் நரசிங்கம்பேட்டை. நாகஸ்வரம் செய்கிற ஊர். 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்கு நீளம் கூடிய, சுருதி இறங்கிய பாரி நாயனத்தை வடிவமைத்துக் கொடுத்தவர் இந்த ஊர் ரங்கநாத ஆசாரி. அதற்கு முன்பு எல்லாரும் வாசித்தது குட்டையான, உச்சத்தில் ஒலிக்கும் திமிரி.

ஒரு பட்டறையில் அனுமதி கேட்டு உட்கார்ந்தேன். ஆச்சா மரம். புது மரம் ஆகாது, பழைய வீடுகளின் உத்தரமும் தூணும் இடித்து வரும்போது வாங்கிப் போட்டு வைக்கிறார்கள். பல வருஷம் காய்ந்த மரம்தான் பிறகு வளையாதாம். கடைசலில் மரத்தூள் பறக்க, முதலில் செதில் செதிலாக ஒரு கரகரப்பு, குழல் உருண்டு வந்ததும் அது ஒரே சீரான இழுப்பாக மாறுகிறது. அதை மட்டுமே நீளமாகப் பதிவு செய்தேன். வாசிக்க ஏழு துளை, கீழே சுருதி திருத்துவதற்கு மேலும் ஐந்து. அடியில் விரிந்த வாயாக அணசு, உச்சியில் கெண்டை என்ற சின்ன உலோகக் குழல், அதில் ஊதுகிற சீவாளி. சீவாளி காவிரிக்கரைக் கொறுக்கைத் தட்டையில் செய்வது, திருவாவடுதுறையிலிருந்து வருகிறது.

முடிந்த ஒரு நாயனத்தை எடுத்துப் பெரியவர் ஊதிப் பார்த்தார். சின்ன அறை, நான் இரண்டு மீட்டர் தூரத்தில். ஒலியளவு மீட்டர் சிவப்பு. லெவலைக் குறைத்தேன், மீட்டர் இறங்கியது, ஆனால் இயர்போனில் கரகரப்பு அப்படியே இருந்தது. நாகஸ்வரத்தைப் பதிவு செய்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. பொத்தான் குறைப்பது மைக்குக்குப் பின்னால் வரும் அளவைத்தான். மைக் தாங்குவதற்கே ஓர் எல்லை இருக்கிறது, இந்த ரெக்கார்டருக்கு 120 டெசிபெல். அறைக்குள் பக்கத்தில் ஊதினால் அதைத் தொட்டுவிடும். வேறு வழியில்லை, தள்ளிப் போகத்தான் வேண்டும். வாசலுக்கு வெளியே போய்த் திண்ணையில் ரெக்கார்டரை வைத்தேன். "இன்னும் ஒரு தரம் ஊதறீங்களா ஐயா?" என்றதும், "ஊதறதுக்குத்தானே செய்யிறோம்" என்று தோடி ராகத்தில் நாலு பிடி. திண்ணையிலிருந்து எடுத்ததுதான் இந்தப் பயணத்தில் இதுவரை கிடைத்ததில் நல்ல பதிவு. நடுவில் ஒரு சைக்கிள் மணி இருக்கிறது. இருக்கட்டும்.

இரவு, திரும்பும் வழியில் ஒரு கிராமத்துக் கோவிலில் பொங்கலை ஒட்டிப் பாட்டுக் கச்சேரி. சித்தப்பாவுக்குத் தெரிந்த ஊர். பாடகருக்கு என் வயதுதான் இருக்கும். கச்சேரிக்கு முன்னால் போய்க் கேட்டேன்.

"தாராளமா பண்ணிக்கோங்க. எனக்கும் ஒரு காப்பி. ஆனா நெட்ல போடறதுன்னா மட்டும் முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

இப்படிக் கேட்பது மரியாதைக்கு மட்டுமல்ல. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு மேடையில் பாடுகிறவருக்கு அந்தப் பாட்டின் மேல் உரிமை கொடுத்திருக்கிறது, 50 வருஷத்துக்கு. நம் சொந்த உபயோகத்துக்கோ பாடம் பண்ணவோ பதிவு செய்துகொள்ள 39-ஆம் பிரிவு இடம் தருகிறது. அதைத் தாண்டி வெளியே விடுவது வேறு கதை. கச்சேரி முடிவதற்குள் யூடியூபில் ஏற்றுகிறவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

மைக் செட் அண்ணன் மேடைக்குப் பக்கவாட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார்.

"என்ன பாப்பா, யூடியூபா?"

"இல்லண்ணே. பாடம் பண்ணத்தான்."

"லைன் வேணும்னா எடுத்துக்க. எக்ஸ்எல்ஆர் அவுட் ஒண்ணு சும்மா கெடக்கு. ஃபேடர் மேல மட்டும் கைய வெச்சுடாத."

பெரிய மனசு. லைன் என்றால் மிக்ஸரிலிருந்து வயர் போட்டு ஒலியை நேராக எடுப்பது. ஆனால் அந்த அவுட்டில் ஒரே ஒலி நேராக ஒரு கம்பியிலும் தலைகீழாக இன்னொரு கம்பியிலும் வருகிறது. அதைச் சாதாரண ஸ்டீரியோ பின்னில் கோத்தால் இடது காதில் நேர், வலது காதில் தலைகீழ். இயர்போனில் என்னவோ மாதிரி இருந்தாலும் பாட்டு கேட்கும். ஒற்றை ஸ்பீக்கர் போனில் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று அழித்து, பாட்டே காணாமல் போகும். தெரிந்தவர் ஒருவரின் அக்கா கல்யாணக் கச்சேரி இப்படித்தான் போனது. போதாததற்கு மிக்ஸரிலிருந்து வரும் லைன் மைக் ஒலியைவிடப் பல மடங்கு பலம், நடுவில் குறைப்பான் இல்லாமல் மைக் உள்ளீட்டில் கொடுத்தால் நறுங்கிவிடும்.

அவருடைய மிக்ஸரிலேயே பென் டிரைவ் சொருகிப் பதிவு செய்யும் வசதி இருந்தது. இப்போது வருகிற சின்ன மிக்ஸர்கள் பலவற்றில் இருக்கிறது, யாரும் கண்டுகொள்வதில்லை. "அண்ணே, இதுல என் பென் டிரைவைப் போட்டுக்கலாமா?" "அட, அது வேலை செய்யுமான்னே தெரியலயே" என்றார். வேலை செய்தது. ரெக்கார்டரை எட்டு மீட்டர் தள்ளி, வேப்பமரத்தடியில் செல்ஃபி குச்சியில் நிறுத்தினேன்.

லைன் பதிவில் குரல் மட்டும் கண்ணாடி. வயலின் பரவாயில்லை. மிருதங்கம் பாதி கூட இல்லை, சின்ன இடத்தில் அதற்கு மைக் தேவைப்படாததால் அண்ணன் அதை ஏற்றவே இல்லை. மிக்ஸருக்குள் போகாதது லைனில் எப்படி வரும்? மரத்தடிப் பதிவில் எல்லாம் இருக்கிறது, ஆனால் குரலின் ஓரம் மழுங்கியிருக்கிறது. இரண்டையும் சேர்த்தால்தான் சாப்பாடு. சேர்க்கும்போது ஒலி எட்டு மீட்டர் நடந்துவர எடுத்த நேரத்தைக் கழிக்கவேண்டும். மீட்டருக்கு ஏறத்தாழ 3 மில்லி விநாடி, ஆக 23 அல்லது 24. குரல் மைக்கில் லேசாகக் கசிந்திருக்கும் மிருதங்கத்தின் முதல் அடியைக் கணினித் திரையில் இரண்டு தடத்திலும் கண்டுபிடித்து நேர்ப்படுத்தினால் சரியாக விழும். இரண்டு கருவிக்கும் கடிகாரம் வேறு என்பதால் ஒரு மணி நேரத்தில் மறுபடி கொஞ்சம் விலகும், பாட்டுக்குப் பாட்டு வெட்டிச் சரிசெய்வதுதான் வழி.

கச்சேரி முடிந்ததும் சுண்டல். அண்ணன் கிளம்பும்போது, "அந்த பென் டிரைவ் பட்டன நான் வாங்குன நாள்லேந்து அமுக்குனதே இல்ல" என்றார்.

சனி, பஞ்சரத்னம்

இருட்டோடு கிளம்பினேன். பந்தலில் அப்போதே பாதி நிறைந்திருந்தது. வியாழக்கிழமை பார்த்து வைத்த இடத்துக்கு ஒரு வரிசை பின்னால், பந்தல் கால் ஒன்றின் அருகில் கிடைத்தது. அதுவே நல்லதாகப் போயிற்று. தொண்டர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு அந்தக் காலில் கிளாம்பைப் பொருத்தினேன். செருப்பு ரப்பர் இதற்குத்தான். பந்தல் காலில் யாராவது சாய்ந்தால், கயிறு இழுபட்டால், அந்த அதிர்வு நேராக மைக்குக்கு வரும். கிளாம்புக்கும் காலுக்கும் நடுவில் ரப்பரை மடித்து வைத்தால் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடுகிறது. இதற்கென்று விற்கும் தாங்கிகள் ரெக்கார்டரின் விலையில் கணிசமான பங்கு. ரெக்கார்டர் தலைகளுக்கு மேலே, யார் பார்வையையும் மறைக்காத உயரத்தில்.

பக்கத்தில் ஒரு மாமி. கையில் பழுப்பேறிய பாட்டு நோட்டு.

"என்னடி அது, மைக்கா?"

"ஆமா மாமி."

"நான் கூடவே பாடுவேன், உனக்குத் தொந்தரவா இருக்குமே?"

"பாடுங்க மாமி. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

நம்பவில்லை. ஆனாலும் சந்தோஷம்.

தியாகராஜர் வாழ்ந்த வீட்டிலிருந்து பாடிக்கொண்டே யாசகம் வாங்குகிற உஞ்சவிருத்தி பஜனை வந்து சேர்ந்தது. நாகஸ்வரம். அப்புறம் வித்வான்கள் எதிரும் புதிருமாக, ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள் என்று வரிசை வரிசையாக உட்கார்ந்தார்கள். பெண்கள் அந்த வரிசையில் உட்கார்ந்திருப்பது ஒரு காலத்தில் நடக்காத காரியம். சமாதி பாழடைந்து கிடந்தபோது தன் நகைகளை விற்று மண்டபம் எழுப்பி, குடமுழுக்கு நடத்திய பெங்களூர் நாகரத்தினம்மாளுக்கே இங்கே பாட இடம் கொடுக்கவில்லை. அவர் பெண்களைத் திரட்டித் தனியாகப் பாடவைத்தார். தனித்தனியாக ஆராதனை நடத்திய கோஷ்டிகள் ஒன்றாகச் சேர 1940-கள் வரை ஆயிற்று. 1952-இல் மறைந்த அவருடைய நினைவிடமும் இங்கேதான் இருக்கிறது. மேடையைப் படம் எடுக்கிற கூட்டத்தில் அந்தப் பக்கம் திரும்புகிறவர்கள் குறைவு.

ஒன்பது மணி நெருங்கும்போது ஓடிக்கொண்டிருந்த கோப்பை நிறுத்திப் புதிதாக ஒன்று தொடங்கினேன். இந்த மாதிரிக் கருவிகள் 2 ஜிபி ஆனதும் தானாக அடுத்த கோப்புக்கு மாறும், என் கணக்கில் இரண்டு மணி நேரத்தைத் தொட்டு. பஞ்சரத்னத்தின் நடுவில் அந்த மாற்றம் வேண்டாமே. பேட்டரியையும் மாற்றினேன். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டேன்.

புல்லாங்குழல்கள் எல்லாம் சேர்ந்து பைரவி ராகத்தில் 'சேதுலாரா'. பிறகு ஒரு விநாடி அமைதிகூட இல்லை, பஞ்சரத்னத்தின் முதல் ராகமான நாட்டை எழுந்துவிட்டது. 'ஜகதானந்த காரக'.

இயர்போனை ஒரு காதில் மட்டும் வைத்திருந்தேன். மறு காதில் மாமி. மேடையில் நூற்றுக்கணக்கான குரல், அத்தனை மிருதங்கம், அத்தனை வயலின். பந்தலில் அதைவிட அதிகம். மீட்டர் கழித்தல் 10-ஐத் தொட்டது. லெவலைத் தொடவில்லை, கடைசி கிருதியில் இன்னும் ஏறும் என்று இடம் விட்டிருந்தேன்.

நான் எதிர்பார்த்து வந்தது அடுத்த ராகமான கௌளையில் கிடைத்தது. மேடையில் 'துடுகுகல' என்று தொடங்குகிறார்கள். எங்கள் வரிசைக்கு அது ஸ்பீக்கர் வழியாக ஒரு கணம் தாமதித்து வருகிறது, நாங்கள் அதைக் கேட்டுப் பாடுகிறோம். எங்களுக்குப் பின்னால் முப்பது மீட்டரில் இருப்பவர்களுக்கு இன்னும் 90 மில்லி விநாடி தாமதம். அவர்கள் பாடுவது முன்னால் நடந்து வந்து எங்கள் காதில் விழும்போது அந்தத் தாமதம் இரட்டித்துவிடும். அதனால் ஒவ்வொரு சொல்லும் மேடையில் ஒருமுறை விழுந்து, பந்தலில் முன்னிருந்து பின்னாக ஓடி, மறுபடி முதுகுப்பக்கமிருந்து வந்து சேர்கிறது. காலப்பிரமாணத்தில், அதாவது பாட்டின் வேகத்தில், கண்டிப்பானவர்களுக்கு இது குழப்பம். எனக்கு ஆயிரக்கணக்கான பேர் ஒரு பாட்டுக்குள் உட்கார்ந்திருப்பதன் அளவே அதில்தான் தெரிகிறது. நேரலையை மேடை மைக்கிலிருந்து கேட்கும்போது எல்லாரும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள்.

ஆரபியில் பந்தலே பாடியது. 'சாதிஞ்செனே' என்று ஒவ்வொரு சரணத்துக்கும் திரும்பி வரும்போது, நோட்டு இல்லாதவர்கள்கூட அந்த ஒரு வார்த்தைக்குச் சேர்ந்துகொண்டார்கள்.

வராளி வந்ததும் கூட்டத்தின் சத்தம் பாதியாகக் குறைந்தது. 'கன கன ருசிரா' பலருக்குப் பாடம் இல்லை. வராளியை குரு நேரடியாகச் சொல்லிக்கொடுத்தால் குருவுக்கும் சீடருக்கும் பிணக்கு வரும் என்று ஒரு நம்பிக்கை உண்டே, அதனால் கேட்டுத்தான் கற்கவேண்டும். மாமி மட்டும் ஒரு சங்கதி விடாமல் பாடினார், மேடையைவிட ஒரு நூல் இறங்கிய சுருதியில். முடிந்ததும் கேட்டேன்.

"எங்க மாமி பாடம் பண்ணினீங்க?"

"ரேடியோல ஆராதனை வரும்போது எங்காத்துக்காரர் டேப் ரெக்கார்டர வெச்சுப் பிடிச்சார். அதைப் போட்டுப் போட்டு. தேஞ்சே போச்சு அந்த கேசட்."

ஸ்ரீராகத்தில் 'எந்தரோ'. விட்டு வைத்திருந்த இடம் எல்லாம் தேவைப்பட்டது. மீட்டர் கழித்தல் 4 வரை போய்த் திரும்பியது. முடிந்ததும் கைதட்டல், கலைந்து எழும் கூட்டம், யாரோ ஒரு குழந்தையைப் பேர் சொல்லித் தேடுகிறார்கள். எல்லாவற்றையும் ஓடவிட்டு, கூட்டம் வடிந்த பிறகுதான் நிறுத்தினேன். பாட்டு முடிந்த அடுத்த நொடியே பொத்தானை அமுக்குகிறவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு.

மாமி எண் கொடுத்தார். அனுப்பச் சொன்னார்.

ஞாயிறு, தஞ்சாவூர்

சித்தி வீட்டு மொட்டைமாடியில் மடிக்கணினி. முதல் வேலை, கார்டிலிருந்து இரண்டு இடத்தில் நகல். அதற்கப்புறம்தான் காபி.

ஒலியைத் திருத்த ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம், எனக்குப் போதும். அளவை ஏற்றினேன். 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஜெனரேட்டர் உறுமலை மட்டும் வெட்டினேன், தொப்பி தப்பித்தது. இரைச்சல் நீக்கும் வசதியைத் தொடவில்லை. எப்போதும் ஒரே சீராக ஓடிக்கொண்டிருப்பதை அது இரைச்சல் என்று எடுத்துக்கொள்ளும், தம்புராவும் அப்படித்தானே ஓடுகிறது? மின்விசிறியோடு சேர்த்து அதையும் அரித்துவிட்டு, குரலைத் தண்ணீருக்குள்ளிருந்து வருவதாக ஆக்கிவிடும். விசிறி இருந்துவிட்டுப் போகட்டும்.

கிராமத்துப் பாடகருக்கு இரண்டு தடமும் சேர்த்து அனுப்பினேன். "மிருதங்கம் இவ்ளோ தெளிவா இருக்கே, லைனா?" என்று கேட்டார். வேப்பமரம் என்று பதில் போட்டேன்.

மாமிக்கு எம்பி3 ஆக்கி வாட்ஸப்பில். ஆடியோவாக இல்லாமல் டாகுமென்ட்டாக அனுப்பினால் கோப்பு போட்டபடியே போய்ச் சேரும். பெரிய கோப்பு, அவர் பேரன் வந்து இறக்கிக் கொடுத்திருக்கிறான். மதியம் போன் வந்தது.

"ரொம்ப நன்னா இருக்குடி. பந்தல்லயே உக்காந்திருக்கா மாதிரி இருக்கு. ஆனா வராளில என் குரல் கொஞ்சம் தூக்கலா கேக்கறதே, அதை மட்டும் கம்மி பண்ணி அனுப்பறியா?"

இரண்டு மைக், இரண்டு தடம். அதற்குள் மேடையும் மாமியும் விசிறியும் ஒன்றாகக் கலந்து கிடக்கிறார்கள், ஒருவரை மட்டும் பிரித்து எடுக்க என்னிடம் வழி கிடையாது என்று சொன்னேன். உண்மைதான். இப்போது வருகிற சில மென்பொருள்கள் ஓரளவு பிரித்துக் கொடுக்கின்றன என்பதை மட்டும் சொல்லவில்லை.

"போறது போ," என்றார். "அடுத்த வருஷம் வருவியோன்னோ? அதே கால் பக்கத்துல எடம் பிடிச்சு வெக்கறேன். கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கறேன்."

"பக்கத்துலயே உக்காருங்க மாமி" என்றேன்.

சென்னைப் பேருந்து இரவு பத்தரைக்கு. இந்தப் பக்கம் கூட்டம் தாங்காது, நின்றுகொண்டுதான் போகவேண்டியிருக்கும். பை தோளில் இருக்கும்.